மாமனார் கற்ற சுவாஹிலி

கல்யாணமான கையோடு என் கணவர் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். டாங்கனிகாவில் ஒரு கத்தாழைத் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை. கத்தாழையை ஏக்கர் ஏக்கராக நட்டு, மடலைச் சிதைத்து நாரெடுத்து, கயிறு திரிக்கச் சீமைக்கு அனுப்புவார்களாம். சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் அது வரப்புக்கு வரப்பு தானாக முளைத்துக் கிடந்தது. ஆடுகூட வாய் வைக்காது. இதைக் கணக்குப் பார்க்க ஒருவன் கடல் தாண்டிப் போக வேண்டுமா என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை.

போனவர் அங்கிருந்து எனக்கென்று முதலில் அனுப்பிய பொருள் ஒரு புத்தகம். நான் புடவையை எதிர்பார்த்திருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் சுவாஹிலி வார்த்தை, வலது பக்கம் இங்கிலீஷில் அர்த்தம், அடியில் அன்றாடம் பேச உதாரண வாக்கியங்கள். ‘கூடிய சீக்கிரம் உன்னை அழைத்துக்கொள்கிறேன், அதற்குள் நாலு வார்த்தை படித்து வை’ என்று அட்டைக்குள் எழுதியிருந்தார். கிருஷ்ணகிரியில் எட்டாவது வரை படித்தவள் நான். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். பிறந்த வீடு வேப்பனப்பள்ளிப் பக்கம், அங்கே தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் தமிழ். சந்தையில் கன்னடம். மூன்று பாஷையில் பேரம் பேசத் தெரிந்தவளுக்கு நான்காவது பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் புத்தகம் என் கைக்கு வரவில்லை. அந்த வீட்டுக்கு வரும் எந்தப் பார்சலும் முதலில் மாமனாருக்குத்தான்.

மாமனார் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் மேலே இருந்தவர்கள் ‘கொண்டா’ என்றால் கொண்டுபோயும், ‘நில்’ என்றால் நின்றும், ‘அப்புறம் வா’ என்றால் அப்புறம் போயும் பழகியவர். ஓய்வு பெற்றபின் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, யாரையாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்ற தினவோடு இருந்தார். தமிழில் சொல்லலாம்தான். ஆனால் அத்தை, அதாவது என் மாமியார், தமிழில் வரும் உத்தரவுகளுக்கு எதிராகப் பல வருஷம் பழகி ஒரு காதை அடைத்து வைத்திருந்தார். இந்த நேரத்தில்தான் அந்தப் புத்தகம் வந்து சேர்ந்தது.

அதை எழுதியவர் யாரோ ஒரு துரை. அந்த ஊரில் குடியேறப் போகும் மற்ற துரைகளுக்கும் துரைசானிகளுக்கும் உதவட்டும் என்று எழுதியிருந்தார். சமையல்காரனிடம் பேச ஒரு பாடம், தோட்டக்காரனிடம் பேச ஒரு பாடம், துணி வெளுப்பவனிடம், சுமை தூக்குபவனிடம் என்று ஆளுக்கு ஒரு பாடம். ‘வெந்நீர் கொண்டு வா.’ ‘இந்தத் தேநீர் ஆறிவிட்டது.’ ‘ஏன் தாமதம்?’ ‘நீ பொய் சொல்கிறாய்.’ ‘வாயை மூடு.’ ‘கதவைச் சாத்து.’ ‘இப்போது திற.’ புத்தகம் முழுக்கத் தேடினாலும் ‘தயவு செய்து’ என்பதற்கோ ‘நன்றி’ என்பதற்கோ வார்த்தை கிடையாது. அந்த பாஷையில் விசாரிப்பும் உபசாரமும் ஏராளம், வாசலில் நின்று ஒருவரையொருவர் நலம் கேட்டு முடிக்கவே கால் மணி ஆகிறது என்று என் கணவர் பிற்பாடு எழுதினார். துரை அதைக் கேட்கும் தூரத்தில் நின்றதில்லை போலிருக்கிறது.

மாமனார் ஒரே மூச்சில் பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு தேஜஸ் தெரிந்தது. மேலதிகாரியின் வாயில் இருந்ததெல்லாம் தன் கைக்குக் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது.

“ஏம்மா, இது சாதாரண பாஷை இல்ல. நிர்வாகத்துக்குன்னே உண்டான பாஷை” என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் நிர்வாகம் ஆரம்பமாயிற்று. விடிந்ததும் “லேட்டே மாஜி யா மோட்டோ” என்று குரல் வரும். வெந்நீர் கொண்டு வா என்று அர்த்தம். ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். கல் அடுப்பில் ஈர விறகை ஊதி ஊதி நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே “உபேசி” என்பார். சீக்கிரம் என்று அர்த்தம். கொண்டுபோய் வைத்தால், சூடு போதாது என்பதற்குப் புத்தகத்தைப் புரட்டுவார். அவர் வாக்கியத்தைக் கண்டுபிடிப்பதற்குள் தண்ணீர் நிஜமாகவே ஆறிப்போகும். அப்புறம் அந்த வாக்கியம் பொருத்தமாகிவிடும்.

‘நில்’ என்பதற்கு சுவாஹிலியில் ஙோஜா. நம் அரிச்சுவடியில் ‘ங’ என்று ஓர் எழுத்து அத்தனை காலமாக வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததே, அதற்கு ஒருவழியாக ஆப்பிரிக்காவில் உத்தியோகம் கிடைத்துவிட்டதென்று மாமனார் மகிழ்ந்து போனார். அந்த மகிழ்ச்சிக்காகவே தேவையில்லாத இடத்திலெல்லாம் என்னை நிறுத்தினார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தால் “ஙோஜா.” நின்றால், நிறுத்தியதற்குக் காரணம் எதுவும் இருக்காது.

உறவுமுறையிலும் குழப்பம் வந்தது. மருமகள் மாமனாரை மாமா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. புத்தகத்தில் இதைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இனிமேல் அப்படிக் கூப்பிடக் கூடாது, ‘பாபா’ என்று கூப்பிட வேண்டும், அதுதான் அங்கே அப்பாவுக்கு வார்த்தை என்று உத்தரவு போட்டார். நானும் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி காதில் அது ‘பாப்பா’ என்று விழுந்தது. மீசை நரைத்த மனிதரைப் பாப்பா என்று கொஞ்சுகிற மருமகளைப் பற்றி ஊரில் பேச்சு கிளம்பவே, நான் மறுபடி மாமாவுக்கே வந்துவிட்டேன். தன்னை அம்மா என்று கூப்பிடுவதாக அவர் மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தார்.

இன்னொரு வார்த்தை, நியானி. ஒரு வகைக் குரங்கு. அவர் உச்சரித்தபோது அது சுத்தமாக ‘ஞானி’ என்றே வந்தது. அப்போது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை, தலையைத் தூக்காமல், “அந்த ஊர்லயும் தெரிஞ்சுதான் பேரு வெச்சிருக்காங்க” என்றார். அத்தைக்கும் சுவாஹிலிக்கும் அதோடு சரி. எவ்வளவு சொல்லியும் அவர் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை. “லேட்டே” என்று மாமனார் அவரைப் பார்த்துச் சொன்னால், “ஆமாங்க, இன்னிக்கு லேட்டுதான்” என்று பதில் வரும். எழுந்திருக்க மாட்டார். தனக்கு நாக்கு வராது, புத்தி மட்டு என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்குவார். கடைசியில் மாமனார் அவரைக் கைவிட்டார். எல்லா வாக்கியமும் என் தலையிலேயே விழுந்தது.

இதையும் சொல்ல வேண்டும். ‘காரானி’ என்றால் குமாஸ்தா. அதற்குத் துரை கொடுத்திருந்த உதாரண வாக்கியம், ‘குமாஸ்தா சோம்பேறி.’ அந்தப் பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் மாமனார் பசை போட்டு ஒட்டிவிட்டார். பாவம், அடுத்த பக்கத்தில் இருந்த பழங்களின் பெயர்களும் அதோடு போயின. மாம்பழத்துக்கு சுவாஹிலியில் என்ன என்று, கிருஷ்ணகிரி மாந்தோப்புகளுக்கு நடுவில் பிறந்த எனக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது.

அப்போது பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கிற காலம், ஊர் உலகமெல்லாம் வேறொரு சச்சரவு நடந்துகொண்டிருந்தது. ஓசூர் மைசூருக்கா, ஆந்திராவுக்கா, மதராஸுக்கா என்று டீக்கடைக்கு டீக்கடை வாக்குவாதம். கன்னடக்காரர்கள் எங்களது என்றார்கள், தெலுங்குக்காரர்கள் தலையை எண்ணச் சொன்னார்கள், தமிழ்க்காரர்கள் வரலாற்றை எடுத்தார்கள். மாமனார் இதில் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எங்கள் வீடு மட்டும் சத்தமில்லாமல் டாங்கனிகாவோடு இணைந்துவிட்டது.

இதெல்லாம் இப்போது சிரிக்கச் சொல்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது. என் கணவர் அங்கே அலைந்து திரிந்து, மனைவி வந்து சேர அனுமதி வாங்கி அனுப்பியிருந்தார். அந்த அனுமதிக்கு ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் நான் போய் இறங்க வேண்டும். தவறினால் மறுபடி மனு, மறுபடி காத்திருப்பு. இரண்டாவது தடவை கொடுப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, தோட்டத்தில் ஒருவருக்கு அப்படித்தான் ஆகி மனைவி ஊரிலேயே நின்றுவிட்டாள் என்று எழுதியிருந்தார். அவரோடு நான் வாழ்ந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முகம்கூட எனக்கு மங்க ஆரம்பித்திருந்தது. போக வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட வேண்டும். மனுவில் மாமனாரின் கையெழுத்து வேண்டும். மாமனார் ஒரு நிபந்தனை விதித்தார். சுவாஹிலி தெரியாத பெண்ணைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே அவர் வைக்கும் பரீட்சையில் நான் தேற வேண்டும். இப்படி ஒரு சட்டம் உலகத்தில் எங்கும் கிடையாது. என் கணவரே கிடையாது என்று எழுதினார். “அவனுக்கு என்ன தெரியும், அவன் அங்க இருக்கறான்” என்றார் மாமனார்.

படித்தேன். அடுப்படியில் படித்தேன், கிணற்றடியில் படித்தேன். மாவாட்டும்போது வாய்க்குள் வாக்கியங்கள் ஓடும். அவர் ஒட்டி வைத்த பக்கங்கள் தவிர மிச்சமெல்லாம் எனக்குத் தலைகீழாக வந்தது. பரீட்சைக்கு உட்கார்ந்தால் அவர் கேட்பார், நான் சொல்வேன். தப்பிருக்காது. முடிந்ததும், “மனுவில கையெழுத்துப் போடறீங்களா மாமா?” என்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

“பாடோ.”

இன்னும் இல்லை என்று அர்த்தம். இல்லை என்று சொல்கிற வார்த்தையே அல்ல அது. ஆகலாம், ஆகும், ஆனால் இப்போது ஆகவில்லை என்று கதவைப் பாதி திறந்து வைக்கிற வார்த்தை. தாலுகா ஆபீசில் இத்தனை காலம் பேர் தெரியாமலே அவர் நடத்திவந்த காரியத்துக்கு ஆப்பிரிக்காவில் பேர் வைத்திருந்தார்கள். குத்தகைக்காரன் வந்து கேட்டாலும் பாடோ. நாவிதர் முகச்சவரத்துக்கு வரட்டுமா என்றாலும் பாடோ. பரீட்சை எதற்கு என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் போய்விட்டால் வெந்நீர் கொண்டுவர யார் இருக்கிறார்கள்? கேட்பவர் இல்லாமல் போனால் நிர்வாகம் எப்படி நடக்கும்?

நடுவில் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. பாயை விட்டு எழ முடியவில்லை. அப்போது நாங்கள் கடைசிப் பாடத்துக்கு வந்திருந்தோம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு பக்கம். ‘போலே’ என்று ஒரு வார்த்தை. நான் தவறு செய்தேன், மன்னித்துவிடு என்பதல்ல அது. உனக்கு இப்படி ஆகிவிட்டதே, எனக்கும் வலிக்கிறது என்று சொல்வது. கல் தடுக்கியவனிடமும் சொல்லலாம், காய்ச்சல்காரரிடமும் சொல்லலாம், துக்க வீட்டிலும் சொல்லலாமாம். இதற்கு நேரான வார்த்தை எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் இல்லை. மாமனாருக்கு அந்த வார்த்தை மனப்பாடம். அத்தை படுத்திருந்த அறை வாசலில் வந்து நின்றார். சொல்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “தேத்தண்ணி ஆறிப்போச்சு” என்று சுவாஹிலியில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கெடு நெருங்க நெருங்க என் கணவர் நேரடியாகத் தன் அப்பாவுக்கே காரசாரமாக எழுதினார். மாமனார் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். மனு மதராஸுக்குப் போய், அங்கிருந்து விசாரணைக்கு எங்கள் பக்கத்துப் போலீசுக்கு வந்தது. இன்ன நாள் வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வந்தவர் ஒரு சப் இன்ஸ்பெக்டர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வழியில் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலில் அடி. கட்டுப் போட்டுக்கொண்டு விந்தி விந்தி வந்து சேர்ந்தார். மாமனார் கோட்டு மாட்டிக்கொண்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நம் வீடு எவ்வளவு தயாராக இருக்கிறது என்பதை அதிகாரிக்குக் காட்ட வேண்டாமா? அவர் பார்வை கட்டுப்போட்ட காலுக்குப் போனது. மனிதர் முகத்தில் உண்மையாகவே இரக்கம் தெரிந்தது. கையைக் கூப்பி, குனிந்து, மனசாரச் சொன்னார்.

“போலே.”

சப் இன்ஸ்பெக்டர் படியில் வைத்த காலை எடுக்கவில்லை.

“என்னவே சொன்னீரு?”

வார்த்தை சரியாகக் காதில் விழவில்லை என்று மாமனார் நினைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் உரக்க, இன்னும் குனிந்து, “போலே” என்றார்.

“யாரப் பாத்துவே போலேங்கீரு? எங்க ஊர்ல மாடு மேய்க்க பயலத்தான் போலேன்னு வெரட்டுவோம். விசாரிக்க வந்தவன வாசல்லயே வெரட்டுதீரோ?”

எங்கள் ஊரில் யாரையும் ‘லே’ போட்டுக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. மாமனாருக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. நான் கதவுக்குப் பின்னாலிருந்து, “மாமா, தமிழ்ல சொல்லுங்க” என்றேன். அவர் என்னைப் பார்த்து “நியாமாசா” என்றார். வாயை மூடு. சப் இன்ஸ்பெக்டர் அதுவும் தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டார். “சரிவே, விசாரணை முடிஞ்சிட்டு” என்று திரும்பி, அடிபட்ட காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் படியிறங்கினார். ‘போலே’ என்பதை இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் ‘மெதுவாக, பார்த்து’ என்று அர்த்தம். புத்தகத்தில் அது அடுத்த வரியிலேயே இருந்தது. படி வழுக்கிவிடப் போகிறதே என்ற அக்கறையில் மாமனார் அவர் முதுகைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“போலே, போலே.”

விசாரணை அறிக்கை அத்தோடு படுத்துக்கொண்டது. வாரங்கள் போயின. கேட்டு அனுப்பினால் ‘விசாரணை நிலுவை’ என்று பதில் வந்தது. நேரில் போய் விளக்கம் சொல்லிவிட்டு வாருங்கள் என்று மாமனாரைக் கெஞ்சினேன். “நான் மரியாதையாத்தான் பேசினேன். அந்தாளுக்கு சுவாஹிலி தெரியலன்னா அதுக்கு நானா பொறுப்பு?” என்றார். உள்ளுக்குள் பயம்தான். போலீஸ் வாசலை மிதிக்க அவர் துணியவில்லை. ஆனால் பயத்துக்கும் அடியில் ஒரு நிம்மதியும் தெரிந்தது. வெந்நீர் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. இனி அவர் பாடோ சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை. சர்க்காரே அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கிணற்றடியில் குடத்தை எறிந்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். அத்தை வந்து நசுங்கிய குடத்தை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நாளைக்கு ஓசூர்ச் சந்தை” என்றார். “கெளம்பி வா. அந்தப் புஸ்தகத்த மடியில வெச்சிக்க.”

சந்தைக்குப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஸ்டேஷனுக்குப் போனோம். பெண்கள் ஸ்டேஷனுக்குள் போகிற காலம் அல்ல அது. வாசலில் நின்ற போலீஸ்காரர் எங்களைப் பார்த்து என்ன திருட்டுப் போயிற்று என்று கேட்டார். சப் இன்ஸ்பெக்டர் உள்ளே ஒரு முக்காலியின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை.

நான் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவர்முன் வைத்தேன். பேச்சு கோர்வையாக வரவில்லை. அது ஆப்பிரிக்க வார்த்தை, வலியில் இருப்பவருக்குச் சொல்வது, மாமனார் மரியாதையாகத்தான் சொன்னார் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் இங்கிலீஷ் அர்த்தத்தை விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். மீசைக்குள் சிரிப்பு வரப் பார்த்தது.

“அப்போ இது வசவு இல்லேங்கிய?” என்று கேட்டார்.

இல்லைங்க என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டார்.

“வசவுதாங்க ஐயா. எங்க ஊட்ல அந்த பாஷையில வர்றதெல்லாம் வசவுதான். லேட்டேன்னா கொண்டா. உபேசின்னா சீக்கிரம். ஙோஜான்னா நில்லு. நியாமாசான்னா வாய மூடு. பாடோன்னா இப்ப இல்ல. விடிஞ்சதுல இருந்து வெளக்கு வெக்கற வரைக்கும் இதேதான். அந்தப் புஸ்தகத்துல நல்ல வார்த்தைன்னு இருக்கறது அந்த ஒண்ணுதாங்க. அத எடுத்து உங்களுக்குக் குடுத்தாரு, நீங்க வேணாமுன்னு வந்துட்டீங்க. நான் காய்ச்சல்ல கெடந்தப்பகூட எனக்கு அது வரலீங்க.”

அத்தை குரலை உயர்த்தவில்லை. கத்தரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னார். நாக்கு வராது என்று சொன்னவர் வாயில் ஒவ்வொரு வார்த்தையும் பிசகில்லாமல் வந்தது. மாமனாரை விட நன்றாகவே வந்தது.

சப் இன்ஸ்பெக்டர் காலை முக்காலியிலிருந்து இறக்கி வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. அங்க போறதுக்கு உனக்குச் சம்மதந்தானா?”

மனுவில் மாமனார் சம்மதம் இருந்தது. என் அண்ணன் சம்மதம் இருந்தது. ஜாமீனுக்கு நின்றவர்கள் சம்மதம் இருந்தது. என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். “வாயத் தெறந்து சொல்லணும், நான் எழுதணும்லா” என்றார். “ஆமாங்க, போகணும்” என்றேன். அவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கொஞ்ச தூரம் போனதும் கோபம் வந்தது. எத்தனை விடியற்காலை ஈர விறகோடு மல்லுக்கட்டியிருப்பேன். அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்திருக்கிறது, தெரிந்தே காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“அத்தே, உங்களுக்கு எல்லா வார்த்தையும் தெரியுமா?” என்று கேட்டேன்.

“காது இருக்குதில்ல.”

“அப்பறம் ஏன் தெரியாதுன்னீங்க?”

“தெரியும்னா நானும் எந்திரிக்கணும்.”

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பால் ஜன்னல் கம்பியில் இருந்த தூசியைத் துடைத்தபடியே சொன்னார்.

“கோவிச்சிக்காத புள்ள. நீ போறவ. போறவ கத்துக்கிட்டுத்தான் ஆவணும். இருக்கறவளுக்கு அது எதுக்கு?”

கெடு முடிவதற்குச் சற்று முன்னால் பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. என் அண்ணன் பம்பாய் வரை துணைக்கு வந்து கப்பல் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. கிளம்புகிற நாளன்று விடியுமுன்பே பஸ். அத்தை என்னோடு ஓசூர் வரை வந்து வழியனுப்புவதாகச் சொல்லி, முதல் நாளே நல்ல சேலையை எடுத்து மடித்து வைத்திருந்தார். காலையில் நான் கும்பிட்டு எழுந்தபோது அவர் பழைய சேலையிலேயே இருந்தார். உள்ளே சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வந்தது, தமிழில் அல்ல. அத்தை என் கன்னத்தைத் தொட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் பஸ் ஏறும்போது வழியனுப்ப யாரும் இல்லை. வெந்நீர் வைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.